சிடி4 எண்ணிக்கை 500-க்கு மேல் இருந்தால் எதிர்ப்பு சக்தி நன்றாக இருக்கிறது என்று பொருளா?

கேள்வி இதுதான்: எச்.ஐ.வி தொற்று உள்ள ஒருவருக்கு சிடி4 எண்ணிக்கை, அதாவது ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் உள்ள சிடி4 வகை டி செல்களின் (எதிர்ப்பு வேலை செய்யும் ஒரு வகை வெள்ளணுக்களின்) கணக்கு, 500-க்கு மேல் இருக்கிறது. ஆய்வகத் தாளில் இயல்பான அளவு என்றே அச்சாகியிருக்கிறது. அப்படியானால் அவருடைய எதிர்ப்பு சக்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதானே பொருள்? வைரஸ் டி செல்களைக் கொல்கிறது என்பது தெரியும். கொல்லாமல் விட்ட செல்களையும் கெடுக்கிறதா? கெடுக்கிறது என்றால் எப்படி?

சுருக்கமாகச் சொன்னால், கெடுக்கிறது. எண்ணிக்கை இறங்குவது கண்ணில் படுவதற்கு முன்பே கெடுக்கத் தொடங்கிவிடுகிறது. எச்.ஐ.வி பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் தலைக்கணக்கிலேயே நின்றுவிடுகிறோம். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று வருகைப் பதிவேடு சொல்லும். வந்தவர்கள் வேலை செய்கிறார்களா என்று சொல்லாது. சிடி4 எண்ணிக்கையும் அப்படி ஒரு பதிவேடுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். “எண்ணிக்கை நன்றாகத்தானே இருக்கிறது, மருந்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது முடிவெடுத்துவிட்டால், அதில் இழப்பது அதிகம்.

1989-இல் வெளியான ஓர் ஆய்வு உங்கள் கேள்விக்கே நேராகப் பதில் சொல்கிறது. நோய்க்குறி எதுவும் இல்லாத எச்.ஐ.வி தொற்றாளர்களின் ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்தெடுத்து, மூன்று விதமாகத் தூண்டிப் பார்த்தார்கள். முதலாவது, உடல் ஏற்கெனவே சந்தித்துப் பழகிய பொருள்கள்: இன்ஃப்ளூயன்சா வைரஸ், டெட்டனஸ் தடுப்பூசியில் இருக்கும் புரதம். இரண்டாவது, வேறொரு மனிதருடைய செல்கள். மூன்றாவது, எந்த டி செல்லையும் உலுக்கி எழுப்பிவிடக்கூடிய ஒரு தாவரப் புரதம். தூண்டப்பட்ட செல்கள் இன்டர்லியூக்கின்-2 என்ற பொருளைச் சுரக்கின்றனவா என்று அளந்தார்கள். சிலருடைய செல்கள் மூன்றுக்கும் பதில் கொடுத்தன. சிலருக்குப் பின்னிரண்டுக்கு மட்டுமே பதில் வந்தது. பழைய எதிரியை நினைவில் வைத்துப் பதில் கொடுக்கும் திறன் போயிருந்தது. இன்னும் சிலருக்குத் தாவரப் புரதத்துக்கு மட்டும்தான். இந்த வேறுபாடு சிடி4 எண்ணிக்கையைப் பொறுத்து அமையவில்லை. நல்ல எண்ணிக்கை உள்ளவர்களிடமும் நினைவு போயிருந்தது.

இன்டர்லியூக்கின்-2-ஐ ஏன் அளந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, சிடி4 செல்லின் வேலை என்ன என்று பார்க்க வேண்டும். இந்தச் செல் பெரும்பாலும் தானே எதையும் கொல்வதில்லை. மற்றச் செல்களுக்கு “சரி, தொடங்கு” என்று சொல்வதுதான் அதன் வேலை. இன்டர்லியூக்கின்-2 அப்படி அது அனுப்பும் செய்திகளில் ஒன்று. ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல் தன் தயாரிப்பை மேம்படுத்த, சிடி4 செல்லின் சம்மதம் வேண்டும். கிருமி புகுந்த செல்லைக் கொல்லும் சிடி8 செல் பல நாள் தாக்குப்பிடித்துப் பெருக, சிடி4 செல் கொடுக்கும் ஊக்கம் வேண்டும். காசநோய்க் கிருமியை விழுங்கி வைத்திருக்கும் மேக்ரோஃபேஜ் அதைச் சாகடிக்க, சிடி4 செல் இன்டர்ஃபெரான்-காமா சுரந்து முடுக்கிவிட வேண்டும். இந்தச் சம்மதம் இல்லாவிட்டால் மற்றவை எல்லாம் இருந்தும் பாதி வேலையில் நின்றுவிடும்.

எய்ட்ஸ் உலகத்துக்குத் தெரியவந்ததே இப்படித்தான். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில், லாஸ் ஏஞ்சல்சைச் சேர்ந்த 5 இளைஞர்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. அவர்களுக்கு வந்திருந்தது நியூமோசிஸ்டிஸ் என்ற நுண்ணுயிரால் ஏற்படும் நிமோனியா. நல்ல உடம்பை அந்தக் கிருமி அசைக்கக்கூட முடியாது. சம்மதம் சொல்லும் செல் இல்லாத உடம்பில் அதுவே உயிரை எடுக்கிறது.

சரி, வைரஸ் எப்படி உள்ளே நுழைகிறது? சிடி4 என்பது உண்மையில் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதத்தின் பெயர். எச்.ஐ.வி-யின் உறையில் உள்ள ஜிபி120 புரதம் முதலில் இதைப் பற்றிக்கொள்கிறது. அது மட்டும் போதாது. பக்கத்தில் சிசிஆர்5 என்ற இன்னொரு புரதமும் வேண்டும். தொற்றின் பிற்காலத்தில் சிலருக்குச் சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறொரு புரதத்தைப் பயன்படுத்தும் வைரஸ்களும் உருவாகும். உள்ளே போனபின் தன் ஆர்.என்.ஏ-வை டி.என்.ஏ-வாக மாற்றி, செல்லின் மரபணுவுக்குள் அதை ஒட்டிவைத்துவிடுகிறது. இதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வருவதால் இங்கே நிற்கவில்லை. சிசிஆர்5-ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும் புதிய டி செல்லில் அது அரிது. விழித்துக்கொண்ட செல்லிலும், பழைய சண்டையின் நினைவைச் சுமக்கும் செல்லிலும்தான் அதிகம். அதாவது, அனுபவமுள்ள செல்களைத்தான் வைரஸ் முதலில் பிடிக்கிறது.

1980-களில் ஆராய்ச்சியாளர்களைக் குழப்பிய விஷயம் ஒன்று உண்டு. சிடி4 செல்கள் பெருமளவில் சாகின்றன. ஆனால் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், வைரஸை உற்பத்தி செய்துகொண்டிருக்கும் செல்கள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. வைரஸை உற்பத்தி செய்யாத செல்கள் ஏன் சாகின்றன? ஒரு பகுதி பதில், பார்த்த இடம் தவறு என்பது. உடலில் உள்ள லிம்ஃபோசைட்டுகளில் (டி செல்களும் பி செல்களும் அடங்கிய வெள்ளணு வகை) சுமார் 2 சதவீதம்தான் எந்த நேரத்திலும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மீதி நிணநீர் முடிச்சுகளிலும், மண்ணீரலிலும், குடல் சுவரிலும் இருக்கின்றன. வைரஸின் வேலை நடப்பது அங்கே. ஆனால் அங்கேயும் சாகிற செல்களில் மிகப் பெரும்பாலானவை வைரஸை உற்பத்தி செய்யாதவையாகவே இருந்தன.

இதற்கான விளக்கம் 2014-இல் சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. மனித டான்சில் திசுவை வைத்துச் செய்த ஆய்வு அது. ஓய்வில் இருக்கும் சிடி4 செல்லுக்குள் வைரஸ் நுழைகிறது, தன் ஆர்.என்.ஏ-வை டி.என்.ஏ-வாக மாற்றப் பார்க்கிறது. அந்தச் செல்லில் அதற்குத் தேவையான மூலப்பொருள் போதாது. வேலை பாதியில் நின்றுவிடுகிறது. வைரஸுக்கு அது தோல்விதான். ஆனால் பாதியில் நின்ற அந்த டி.என்.ஏ துண்டுகளை ஐஎஃப்ஐ16 என்ற உணர்வுப் புரதம் கண்டுகொள்கிறது. உடனே கேஸ்பேஸ்-1 என்ற நொதி கிளம்பி, செல் தன்னைத்தானே வெடிக்கச் செய்து செத்துப்போகிறது. இந்த வகைச் சாவுக்குப் பைரோப்டோசிஸ் என்று பெயர். நெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. திசுவில் சாகும் சிடி4 செல்களில் சுமார் 95 சதவீதம் இப்படி வைரஸ் பெருக முடியாத செல்கள்தான் என்று அந்த ஆய்வு காட்டியது.

சத்தமில்லாமல் சுருங்கிச் சாகும் செல் அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்யாது. வெடித்துச் சாகும் செல் அப்படியில்லை. உள்ளே இருந்த அழற்சிப் பொருள்களை, முக்கியமாக இன்டர்லியூக்கின்-1 பீட்டாவை, வெளியே கொட்டிவிட்டுப் போகிறது. அந்த வாசனை பிடித்து மேலும் சிடி4 செல்கள் அங்கே வருகின்றன. வந்தவற்றுக்கும் அதே கதி. பாதுகாப்புக்காக உடல் வைத்திருக்கும் ஏற்பாடே செல்களைக் காவு கொடுக்கிறது. எச்.ஐ.வி ஆராய்ச்சியில் இதைவிட என்னை வருத்திய கண்டுபிடிப்பு குறைவு. இத்தனை ஆண்டுகள் வைரஸ் கொன்றது என்று நாம் கணக்கெழுதிய சாவுகளில் பெரும்பகுதி, செல் தானாக எடுத்த முடிவு.

எண்ணிக்கை ஏமாற்றும் இன்னொரு இடம் குடல். குடல் சுவரில் உள்ள சிடி4 செல்களில் பெரும்பாலானவை சிசிஆர்5 உள்ள நினைவு செல்கள். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களுக்குள் அவற்றில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் ரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை கொஞ்சம் இறங்கி, பிறகு ஓரளவு ஏறிவிடும். காய்ச்சலும் தொண்டை வலியும் வந்து போயிருக்கும், அல்லது எதுவுமே தெரிந்திருக்காது. பரிசோதனைத் தாளில் நல்ல எண் இருக்கும். குடல் சுவர் காலியாகிக் கிடக்கும்.

அங்கே போனவை சாதாரணச் செல்களும் அல்ல. டிஎச்17 என்ற ஒரு வகை சிடி4 செல் குடலின் உள்வரிச் செல்களைப் பழுதுபார்த்து, இடைவெளி விடாமல் இறுக்கி வைக்கும் பொருள்களைச் சுரக்கிறது. அவை குறைந்தால் குடல் சுவர் கசியத் தொடங்கும். குடலுக்குள் இருக்க வேண்டிய பாக்டீரியாவின் துண்டுகள் ரத்தத்துக்குள் வருகின்றன. நாட்பட்ட எச்.ஐ.வி தொற்றாளர்களின் ரத்தத்தில் பாக்டீரியாவின் உறைப்பொருளான லிப்போபாலிசாக்கரைடு உயர்ந்திருப்பதை 2006-இல் அளந்து காட்டினார்கள். அந்தக் கசிவின் விளைவைக் கீழே சொல்கிறேன், ஏனென்றால் என் கணிப்பில் முழுக் கதையின் மையமே அதுதான்.

அதற்கு முன் காசநோய். எண்ணிக்கை வேறு, திறன் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் செய்து 2005-இல் வெளியான ஆய்வில், எச்.ஐ.வி தொற்றிய முதல் ஆண்டுக்குள்ளேயே காசநோய் வரும் வாய்ப்பு இரு மடங்கானது தெரிந்தது. முதல் ஆண்டில் பெரும்பாலானவர்களுக்கு சிடி4 எண்ணிக்கை பெரிதாக விழுந்திருக்காது. நியூமோசிஸ்டிஸ் நிமோனியா பொதுவாக 200-க்குக் கீழே போனபின் வருவது. மூளையைத் தாக்கும் டாக்ஸோபிளாஸ்மா 100-க்குக் கீழே, கண்ணைப் பறிக்கும் சைட்டோமெகலோவைரஸ் 50-க்குக் கீழே. காசநோய் மட்டும் இந்த வரிசையில் நிற்பதில்லை. எந்த எண்ணிலும் வருகிறது. ஏன்?

காரணம் மிக நுட்பமானது. சிடி4 செல்கள் எல்லாம் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கிருமியின் துண்டை மட்டும் அடையாளம் காணும். காசநோய்க் கிருமியை அடையாளம் காணும் செல்கள் விழிக்கும்போது இன்டர்லியூக்கின்-2-ஐத் தாராளமாகச் சுரக்கின்றன. சைட்டோமெகலோவைரஸை அடையாளம் காணும் செல்கள் விழிக்கும்போது எம்ஐபி-1 பீட்டா என்ற பொருளை நிறையச் சுரக்கின்றன. இந்த எம்ஐபி-1 பீட்டா போய் உட்காரும் இடம் எது தெரியுமா? அதே சிசிஆர்5. அதாவது, இந்தச் செல் தான் விழிக்கும்போதே தன் கதவைத் தானே அடைத்துக்கொள்கிறது, எச்.ஐ.வி-க்கு வழியில்லை. காசநோய்ச் செல்லுக்கு அந்தத் தற்காப்பு இல்லை. அது கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் விழிக்கிறது.

ஆகவே மொத்த எண்ணிக்கை 600 என்று இருக்கும்போதே, அந்த 600-க்குள் காசநோயை அறிந்த செல்கள் மெலிந்துபோயிருக்கலாம். எந்த எண்ணும் அதைக் காட்டாது. இதே வரிசையில் இன்னொரு கொடுமை: எச்.ஐ.வி-யையே அடையாளம் காணும் சிடி4 செல்களைத்தான் எச்.ஐ.வி மற்றவற்றைவிட அதிகமாகப் பிடிக்கிறது என்று 2002-இல் காட்டினார்கள். யோசித்தால் அது இயல்புதான். வைரஸ் இருக்கும் இடத்துக்கு, விழித்த நிலையில், முதலில் ஓடிவருவது அந்தச் செல்கள் அல்லவா?

பிடிபட்ட செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி-யிடம் இருப்பது 9 மரபணுக்கள் மட்டும். அதில் நெஃப் என்ற ஒன்று செல்லின் உள் போக்குவரத்தையே திருப்பிவிடுகிறது. மேற்பரப்பில் உள்ள சிடி4 புரதத்தை உள்ளே இழுத்து அழிக்கிறது. “எனக்குள் வைரஸ் இருக்கிறது, என்னைக் கொல்” என்று சிடி8 செல்லுக்குக் காட்ட வேண்டிய எச்.எல்.ஏ-ஏ, எச்.எல்.ஏ-பி புரதங்களையும் உள்ளே இழுத்துவிடுகிறது. எச்.எல்.ஏ-ஈ போன்றவற்றைத் தொடுவதில்லை. எல்லாவற்றையும் மறைத்தால் இயற்கைக் கொல்லி செல்கள் சந்தேகப்பட்டுத் தாக்கும் என்பதால், பாதியை மட்டும் மறைக்கும் வைரஸ்கள்தான் தப்பிப் பிழைத்திருக்கின்றன. நெஃப் இருக்கும் டி செல், தகவல் கொடுக்க வந்த செல்லோடு ஒழுங்காக ஒட்டி நின்று பேசவும் முடிவதில்லை. சந்திப்பு நடக்கும் இடத்தில் கூட வேண்டிய புரதங்கள் வழியிலேயே தேங்கிவிடுகின்றன.

நெஃப் எவ்வளவு முக்கியம் என்பது சிட்னியில் தற்செயலாகத் தெரியவந்தது. ஒரே ரத்த தானியிடமிருந்து ரத்தம் பெற்ற சிலருக்கு எச்.ஐ.வி தொற்றியிருந்தும், ஆண்டுக்கணக்கில் அவர்கள் சிகிச்சையில்லாமலே நலமாக இருந்தார்கள். அவர்களிடம் இருந்த வைரஸில் நெஃப் மரபணுவின் ஒரு பகுதி உதிர்ந்துபோயிருந்தது என்று 1995-இல் வெளியிட்டார்கள். பின்னாளில் அவர்களில் சிலருக்கும் சிடி4 இறங்கத்தான் செய்தது. ஆனால் மிக மெதுவாக.

இனி சிடி8 செல்கள். இவற்றுக்குள் எச்.ஐ.வி பெரும்பாலும் நுழைவதே இல்லை. எண்ணிக்கை குறைவதற்குப் பதிலாக ஏறிக்கூட இருக்கும். ஆனால் கெட்டுப்போவதில் இவற்றின் கதைதான் மிக நீளமானது.

தொற்றின் தொடக்கத்தில் சிடி8 செல்கள் பிரமாதமாக வேலை செய்கின்றன. முதல் வாரங்களில் உச்சத்துக்குப் போன வைரஸ் அளவு கீழே இறங்குவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. பிறகு இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, வைரஸ் உருமாறுகிறது. சிகிச்சை இல்லாத ஒருவரின் உடலில் ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கோடி வைரஸ் துகள்கள் உருவாகின்றன என்று 1996-இல் கணக்கிட்டார்கள். படியெடுக்கும் நொதிக்குப் பிழைதிருத்தும் வழக்கமே கிடையாது. ஆகவே சிடி8 செல் அடையாளம் வைத்திருந்த துண்டு சீக்கிரமே மாறிவிடுகிறது. இரண்டு, உருமாறாத துண்டுகளை எதிர்க்கும் செல்கள் ஓய்வே இல்லாமல் வேலை செய்து ஓய்ந்துபோகின்றன.

ஓய்ந்துபோவது என்பது சும்மா உவமை அல்ல. தொடர்ந்து தூண்டப்படும் டி செல் ஒரு குறிப்பிட்ட வரிசையில் திறன்களை இழக்கிறது. முதலில் இன்டர்லியூக்கின்-2 சுரப்பதும் பல்கிப் பெருகுவதும் போகும். பிறகு டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளின் சுரப்பு குறையும். கடைசியில் இன்டர்ஃபெரான்-காமாவும் மங்கும். செல் உயிரோடு இருக்கும், ரத்தத்தில் எண்ணினால் எண்ணிக்கையில் வரும், எதிரியைப் பார்த்தால் அடையாளமும் தெரியும். கை எழாது. இந்த நிலையில் அதன் மேற்பரப்பில் பிடி-1 என்ற தடைப் புரதம் நிறைந்திருக்கும். உடல் இதை வைத்திருப்பதற்கு நல்ல காரணம் உண்டு. முடிவில்லாத சண்டை நடந்தால் சொந்தத் திசுவே நாசமாகிவிடும். அதனால் ஒரு கட்டத்தில் பிரேக் விழுகிறது. எச்.ஐ.வி ஓயாத தொற்று என்பதால் அந்தப் பிரேக் விழுந்தபடியே இருந்துவிடுகிறது.

எச்.ஐ.வி-யை எதிர்க்கும் சிடி8 செல்களில் பிடி-1 அதிகமாக இருப்பதையும், வைரஸ் அளவு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு அது கூடுவதையும் 2006-இல் தென்னாப்பிரிக்க நோயாளிகளிடம் காட்டினார்கள். ஆய்வுக்கூடத்தில் அந்தப் பிரேக்கை ஆன்டிபாடி வைத்து மறைத்தபோது செல்கள் மறுபடி பெருகத் தொடங்கின. பிடி-1-ஐக் கண்டுபிடித்த தசுகு ஹோஞ்சோவுக்கு 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது புற்றுநோய்ச் சிகிச்சைக்காக. ஆனால் புற்றுநோய்க் கட்டிக்குள் ஓய்ந்துபோன டி செல்லும், எச்.ஐ.வி முன்னால் ஓய்ந்துபோன டி செல்லும் கிட்டத்தட்ட ஒரே நிலையில்தான் இருக்கின்றன. இதில் சிடி4 இழப்பும் சேர்ந்துகொள்கிறது: மேலே சொன்ன ஊக்கம் கிடைக்காத சிடி8 செல் இன்னும் வேகமாக ஓய்கிறது.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. தொற்றாளர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்கள் மருந்தே இல்லாமல் வைரஸை அளக்க முடியாத அளவுக்கு அடக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களில் பலரிடம் எச்.எல்.ஏ-பி57 போன்ற மரபணு வகைகள் இருக்கின்றன. அவர்களுடைய சிடி8 செல்களின் எண்ணிக்கை மற்றவர்களைவிட அதிகம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு செல்லும் ஒரே நேரத்தில் பல வேலை செய்கிறது. பெருகுகிறது, கொல்லும் புரதமான பெர்ஃபோரினை மறுபடி மறுபடி நிரப்பிக்கொள்கிறது.

இப்போது குடல் கசிவுக்குத் திரும்புகிறேன். பாக்டீரியாத் துண்டுகள் ரத்தத்தில் வந்தபடி இருந்தால், எதிர்ப்பு மண்டலம் முழுவதும் அபாய மணி அடித்தபடியே இருக்கும். எச்.ஐ.வி-க்குச் சம்பந்தமில்லாத டி செல்கள்கூட விழித்து, பிரிந்து, சாகின்றன. விழித்த சிடி4 செல்லில் சிசிஆர்5 அதிகம் என்று சொன்னேன் அல்லவா. ஆக, வைரஸுக்குப் புதுப்புது இடங்கள் கிடைக்கின்றன. போதாக்குறைக்கு, டி செல்லை விழிக்கவைக்கும் என்எஃப்-கப்பாபி என்ற புரதமே, செல்லின் மரபணுவில் ஒட்டியிருக்கும் வைரஸையும் விழிக்கவைக்கிறது. செல்லுக்கு வரும் அழைப்பும் வைரஸுக்கு வரும் அழைப்பும் ஒன்றுதான். எச்.ஐ.வி டி செல்லின் இயல்பை எவ்வளவு ஆழமாகப் பற்றியிருக்கிறது என்பது இந்த ஓர் இடத்தில் புரிந்துவிடும்.

வைரஸைவிட இந்த ஓயாத விழிப்புதான் பெரிய ஆபத்து என்று சொல்ல ஆதாரம் உண்டா? உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் சூட்டி மங்காபே என்ற குரங்கினம் இருக்கிறது. எச்.ஐ.வி-யின் உறவான எஸ்.ஐ.வி அவற்றின் உடலில் இயல்பாகவே இருக்கிறது. ரத்தத்தில் வைரஸ் அளவு எய்ட்ஸ் நோயாளியிடம் இருப்பதற்குக் குறைவில்லை. ஆனால் அவற்றுக்கு எய்ட்ஸ் வருவது மிக அரிது. அதே வைரஸ் ஆசியாவின் ரீசஸ் குரங்குக்குப் போனால் எய்ட்ஸ் வருகிறது. தொற்றிய தொடக்கத்தில் மங்காபேயின் உடலிலும் மணி அடிக்கிறது. சில வாரங்களில் நின்றுவிடுகிறது. அதன் குடல் சுவர் கசிவதில்லை. மனிதர்களிடமும் இதே சுவடு தெரிகிறது. நோய் முற்றியவர்களை வைத்துச் செய்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதோடு வைரஸின் அளவைவிட டி செல்களின் விழிப்பு நிலைதான் நெருக்கமாகப் பொருந்தியது.

இந்த நீண்ட அழற்சி நிணநீர் முடிச்சுகளையும் கெடுக்கிறது. டி செல்கள் தங்கி, தகவல் வாங்கி, உயிர்வாழத் தேவையான இன்டர்லியூக்கின்-7-ஐப் பெறும் இடம் அது. அங்கே உள்ள மெல்லிய வலைப்பின்னலில் கொலாஜன் படிந்து தழும்பாகிறது. புதிய டி செல்களுக்கு இடமும் கிடைப்பதில்லை, ஊட்டமும் கிடைப்பதில்லை. அதே முடிச்சுகளில் பி செல்களுக்கு உதவும் சிடி4 செல்கள், விந்தையாக, குறைவதற்குப் பதில் பெருகிக் கூடுகின்றன. ஆனால் உதவி தரம் இழந்துவிடுகிறது. ரத்தத்தில் ஆன்டிபாடி ஏராளமாக இருக்கும், தேவையான ஆன்டிபாடி இருக்காது. எச்.ஐ.வி உள்ளவர்களிடம் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி எதிர்பார்த்த அளவு பிடிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, மருந்து எடுத்தால் இதெல்லாம் திரும்புமா? பெருமளவு திரும்பும். கூட்டு மருந்துச் சிகிச்சை வைரஸ் பெருகுவதை நிறுத்திவிடுகிறது. தூண்டுதல் நின்றவுடன் சிடி4 ஏறுகிறது, விழிப்பு தணிகிறது, சிடி8 செல்களில் பிடி-1 குறைகிறது. தழும்பான நிணநீர் முடிச்சும், காலியான குடல் சுவரும் திரும்புவதற்குத்தான் நாளாகும். தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு முழுவதும் திரும்பாமலும் போகலாம். வைரஸ் ஒட்டிக்கிடக்கும் ஓய்வு நிலை நினைவு செல்களை மருந்து தொடுவதில்லை. அந்தச் செல்களின் தொகை பாதியாகக் குறைய மருந்தின் கீழேயே சுமார் 44 மாதங்கள் ஆகும். மருந்தை நிறுத்தினால் வைரஸ் பெரும்பாலும் சில வாரங்களிலேயே மறுபடி கிளம்புவது அதனால்தான்.

நல்ல எண்ணிக்கை இருப்பவர் காத்திருக்கலாமா என்பதற்கும் பரிசோதித்த விடை இருக்கிறது. 35 நாடுகளில் 4,685 பேரை வைத்து நடந்த ஸ்டார்ட் என்ற ஆய்வில், எல்லோருக்கும் தொடக்கத்தில் சிடி4 500-க்கு மேல் இருந்தது. பாதிப் பேருக்கு உடனே மருந்து. மற்றவர்களுக்கு 350-க்குக் கீழே இறங்கும் வரை, அல்லது எய்ட்ஸ் சார்ந்த நோய் வரும் வரை காத்திருப்பு. 2015-இல் ஆய்வை முன்கூட்டியே முடிக்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் உடனே தொடங்கியவர்களிடம் கடுமையான நோய்களும் சாவும் 57 சதவீதம் குறைவாக இருந்தன. காத்திருந்தவர்களுக்கு வந்த நோய்களில் முன்னால் நின்றது காசநோய். அந்த ஆய்வில் பதிவான கடுமையான நோய்களிலும் சாவுகளிலும் பெரும்பாலானவை எண்ணிக்கை இன்னும் 500-க்கு மேல் இருந்த காலத்திலேயே வந்தன. அதே ஆண்டு, எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் தொற்று உள்ள எல்லோருக்கும் சிகிச்சை என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

ஆகவே, நீங்கள் கேட்ட அந்த நபர் இன்னும் மருந்து தொடங்கவில்லை என்றால், 500 என்ற எண்ணைக் காட்டித் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த சந்திப்பிலேயே மருத்துவரிடம் இதைப் பேசச் சொல்லுங்கள். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால், சிடி4-சிடி8 விகிதமும் அவருடைய தாளில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆரோக்கியமான பெரும்பாலானவர்களுக்கு அது 1-க்கு மேல் இருக்கும். எச்.ஐ.வி-யில் சிடி4 குறைந்து, ஓயாத தூண்டுதலால் சிடி8 கூடுவதால், விகிதம் தலைகீழாகிவிடும். சிடி4 எண்ணிக்கை இயல்புக்கு வந்தபின்னும் விகிதம் பல ஆண்டுகள் 1-க்குக் கீழே நிற்பது உண்டு. உள்ளே விழிப்பு இன்னும் முழுதாகத் தணியவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். ஒரு தடவை பார்த்த எண்ணை வைத்துக் கவலைப்படவோ நிம்மதி அடையவோ வேண்டாம். நேரம், சளிக்காய்ச்சல், தூக்கம் எல்லாம் அதை அசைக்கும். 0.4, அடுத்த ஆண்டு 0.5, பிறகு 0.65 என்று மெல்ல ஏறுகிறதா என்று பாருங்கள்.